பதினேழு தூண்

சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருடம் ஆன அந்தச் சந்தை ஊரில் மூன்று வகை மனிதர்கள்தாம் மிச்சம்: வீடு விற்கிறவர்கள், வீடு வாங்குகிறவர்கள், இரண்டு பேருக்கும் யோசனை சொல்கிறவர்கள். மூன்றாவது வகைக்குத்தான் மரியாதை அதிகம். எந்த வீடு விழுந்தாலும் அவர்களுக்கு ஓர் ஓடுகூட நஷ்டமில்லை. அந்த வகையில் தலைமைப் பீடம் சர்வேயருடையது.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் சர்வேயர். சுரங்கம் நின்ற பிறகும் சர்வேயர். அளக்க எதுவும் இல்லாமல் போன பிறகுதான் அந்தப் பட்டத்துக்கு முழு வெயிட்டும் வந்தது. ஊரில் யார் வீடு வாங்கினாலும் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவதற்கு முன் இவரிடம்தான் வருவார்கள். ஊருக்கு அடியில் ஊரைவிடப் பெரிதாகக் குடைந்து வைத்திருந்தார்கள். எந்த வீட்டுக்கு அடியில் மண் இருக்கிறது, எந்த வீட்டுக்கு அடியில் காற்று இருக்கிறது என்பது சுரங்கப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். கம்பெனி போகும்போது படத்தின் ஒரு பிரதியை நகராட்சியில் ஒப்படைத்தது. நகராட்சி அதைக் கரையானிடம் ஒப்படைத்தது. இன்னொரு பிரதி சர்வேயர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

வருகிறவர்களை முதலில் உட்காரவைப்பார். அலமாரியைத் திறப்பதற்கு முன் கை கழுவுவார். மெழுகுத்துணிப் படத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைப்பார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலைப் படத்தின்மேல் ஊர விட்டு, ஓரிடத்தில் நிறுத்துவார். அதன்பின் ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

"கெட்டி," என்பார் கடைசியில்.

வந்தவர்கள் கும்பிடாத குறையாக எழுந்து போவார்கள். காசு வாங்க மாட்டார். "அந்த மாதிரி ஆள் நான் இல்ல," என்பார். காசு வாங்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வாங்காததால், வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியிருந்தது.

"பரிட்சை பேப்பர் திருத்துற மாதிரி நிப்பாரு," என்பாள் அவருடைய மனைவி. "நாலு டம்ளரும் அங்க போயிடும். நான் தண்ணி குடிக்கணும்னா சொம்புதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி போடுகிற மாதிரியே பேசுவாள், சுருக்கென்று. மாப்பிள்ளை பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவர். எல்லா நிறமும் அவர் சட்டையில் ஒட்டும். எந்தச் சண்டையும் அவர்மேல் ஒட்டாது.

"வீடு முடிவு பண்ணியாச்சுப்பா," என்றாள் மகள், செருப்பைக் கழற்றுவதற்குள்.

"எந்தப் பக்கம்?"

"சந்தைக்குப் பின் தெரு. கடைசியிலேர்ந்து நாலாவது. அந்த முட்டுக்காரர் வீடு."

சர்வேயர் வாயிலிருந்த டீ போக வேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போயிற்று.

"மெதுவாக் குடிங்க," என்றாள் மனைவி, முதுகைத் தட்டியபடி. "யாரும் பிடுங்கிக்கப் போறதில்ல."

அவர் இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தெருவாம்மா? சத்தம் தாங்காதே. சந்தை நாள்ல காது கிழிஞ்சிடும்."

"இப்ப மட்டும் காது ஒழுங்காவா இருக்கு? பதினோரு வருஷமா மெத்தைக்கடை மேல குடியிருக்கோம். விடிஞ்சா பஞ்சு அரைக்கிற மெஷினு தலைக்குள்ள ஓடுது. ரசத்துல பஞ்சு, தலையில பஞ்சு. இவரு தும்மினா தலையணை கிழிஞ்ச மாதிரி இருக்கு."

"உண்மைதான் மாமா," என்றார் மாப்பிள்ளை, ஒரு தும்மலோடு.

"எதுக்கும் படத்தை ஒரு தடவை..."

"அதெல்லாம் போன வாரமே பார்த்தாச்சு. நீங்க முடி வெட்டிக்கப் போயிருந்தப்ப அம்மாதான் சாவி கொடுத்தாங்க. தெரு முழுக்கக் கறுப்புக் கட்டம், வரிசையா தூண். கீழ உங்க கையெழுத்து. ஊருக்கே நீங்க பார்த்துச் சொல்றீங்க. உங்க பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதா? கெட்டிப்பா. சாயங்காலம் போய்ப் பேசி முடிச்சிடலாம். நீங்களும் வாங்க, ஒரு கௌரவத்துக்கு."

சர்வேயருக்குக் கௌரவம் என்ற சொல் முதன்முறையாகக் கசந்தது.

நிலக்கரியை வெட்டும்போது எல்லாவற்றையும் வெட்டிவிடக் கூடாது. இடைக்கிடையே கரியையே தூணாக விட்டுவைக்க வேண்டும். மேலே இருக்கிற கல்லை, மண்ணை, வீட்டை, வீட்டுக்குள் தூங்குகிறவர்களை அந்தத் தூண்கள்தாம் தாங்குகின்றன. ஆள் குடியிருக்கிற இடத்துக்கு அடியில் உள்ள தூணைத் தொடவே கூடாது என்பது விதி. சுரங்கத்தின் கடைசி வருடத்தில் கரி குறைந்துபோயிற்று. ஆனால் மேலிடம் கேட்ட டன் குறையவில்லை. சந்தைக்குப் பின் தெருவுக்கு அடியில் முழுசு முழுசாகப் பதினேழு தூண் நின்றுகொண்டிருந்தது. மேலாளர் அதைப் பார்த்தார். எடுத்தார்கள்.

"படத்துல கை வைக்க வேணாம்," என்றார் மேலாளர். "இருக்கிறபடியே இருக்கட்டும்."

சர்வேயர் பொய்யாக ஒரு கோடுகூடப் போடவில்லை. ஏற்கெனவே வரைந்திருந்ததை அழிக்கவில்லை, அவ்வளவுதான். கீழே 'நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்து மட்டும் போட்டார். அந்த வருடமே அவர் தலைமைச் சர்வேயர் ஆனார். சிறந்த ஊழியர் என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கோடு போடவில்லை, அழிக்கவில்லை என்கிற அந்த வித்தியாசத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் இருபத்திரண்டு வருடமாகத் தூங்கினார். அந்தத் தெருவிலிருந்து முதல் ஆள் வந்து கேட்டபோது, உண்மையைச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்குமே என்று கெட்டி என்றார். இரண்டாவது ஆளுக்கு, முதல் ஆளுக்குச் சொல்லிவிட்டோமே என்று கெட்டி. பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் போனார்கள். தெரு அகலமாக, சுத்தமாக இருந்தது. வாசலில் துணி காய்ந்தது. எதிர்ப்பட்ட எல்லாரும் சர்வேயருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் வழக்கமாகத் தலையை மட்டும் அசைப்பவர், அன்று ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

முட்டுக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். தோள் இரண்டும் இன்னும் எதையோ தாங்குகிற மாதிரி குனிந்தே இருந்தன. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டை விற்றுவிட்டு வெளியூரில் இருக்கிற தங்கையோடு போய்விடப் போவதாகச் சொல்லியிருந்தார். எழுந்து வழிவிட்டார்.

சர்வேயர் உள்ளே போனதும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

"சமையலறை இருட்டா இருக்கே."

"லைட்டு போடுறதுக்குக் கரண்டுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்கப்பா."

"படி செங்குத்தா இருக்கு. உங்க அம்மா முட்டி என்ன ஆகுறது?"

"அம்மா எதுக்கு மாடிக்கு வரணும்? பட்டம் விடவா?"

"கதவு பிடிக்குது பாரு. நிலை சாஞ்சிருக்கு."

இதைச் சொன்ன பிறகுதான் ஏன் சாய்ந்திருக்கிறது என்பது உறைத்து, கதவிலிருந்து கையை எடுத்தார். மாப்பிள்ளை குனிந்து கதவின் அடியைப் பார்த்தார். "ரெண்டு இழைப்பு இழைச்சாச் சரியாயிடும் மாமா. மேல இளம்பச்சை அடிச்சா கதவே தெரியாது."

பின்னறை பூட்டியிருந்தது. "பழைய சாமான்," என்றார் முட்டுக்காரர். அவர் இவ்வளவு நேரமும் பேசாமல் சர்வேயர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இவங்க உங்க பொண்ணா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பக்கம் வேலைன்னு மட்டும்தான் சொன்னாங்க."

முட்டுக்காரர் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை விக்கலைம்மா," என்றார் முட்டுக்காரர்.

"என்னது?"

"விக்கிறதா இல்ல."

"நேத்து சரின்னீங்களே! இவரு என்ன நிறம் அடிக்கிறதுன்னு ராத்திரி பூரா யோசிச்சிட்டு வந்திருக்காரு!"

"நேத்து சரின்னேன். இன்னைக்கு இல்லைங்கிறேன்."

"ஓ. கூட யாராவது தர்றேன்னு வந்துட்டாங்களா?"

"அப்படியே வச்சுக்கோங்க."

"வச்சுக்கிறதுக்கு இது என்ன பூவா? பெரிய மனுஷன்னு நம்பி வந்தா, இப்படி வாக்கு மாறுறீங்களே, வெக்கமா இல்ல?"

முட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிவதற்கு அதிக தூரம் இல்லை. "இருக்கும்மா," என்றார்.

சர்வேயருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. துள்ளின வேகத்தில், யாரும் கேட்காமலே வாய் திறந்தது: "வாம்மா, போகலாம். இந்த மாதிரி ஆளுங்க இப்படித்தான். பேச்சுக்கு ஒரு மட்டு மரியாதை கிடையாது."

முட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லாத பார்வை. சுரங்கத்துக்குள் புதிதாக வந்த ஆள் கால் தடுக்கி விழுந்தால் பழைய ஆட்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

தெருமுனை வரைக்கும் மகள் திட்டிக்கொண்டே வந்தாள். சர்வேயரும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினார். முனையில் அவர்கள் மெத்தைக்கடைப் பக்கம் திரும்பியதும் தனியாக நின்றார். நாக்கில் இன்னும் அந்த 'இந்த மாதிரி ஆளுங்க' ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பிப் பார்த்தார். போகவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"வாங்க," என்றார் முட்டுக்காரர். ஆச்சரியப்படவில்லை. டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றார் சர்வேயர்.

"பேசினது போகட்டும் சார். பேச வேண்டியதை எப்பப் பேசப் போறீங்க?"

சர்வேயர் டம்ளரைப் பார்த்தார்.

"நீங்க வாயைத் திறப்பீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். ஜன்னலை ஆட்டுறீங்க. சரி, இவரு திறக்க மாட்டாரு, பெத்த பொண்ணுக்கே திறக்க மாட்டாருன்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் உங்க வேலைய நான் செஞ்சேன்."

"உனக்கு... உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தூணை எடுத்ததே நாங்கதானே. மேல என்ன இருக்குன்னு அப்பத் தெரியாது. கீழ போயிட்டா ஏது தெரு, ஏது வீடு, எல்லாம் இருட்டுதான். இந்த வீட்டை வாங்கினப்ப உங்ககிட்டதான் வந்து கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

சர்வேயருக்கு ஞாபகம் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் முகம் அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. அவர்கள் தன்னைப் பார்த்த பார்வைதான் ஞாபகம்.

"கெட்டின்னீங்க. வாங்கினேன். ரெண்டு வருஷம் கழிச்சுக் கதவு பிடிக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் சுரங்க வாசல்லேர்ந்து எட்டு வச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். பதினோராவது தூண் நின்ன இடத்துல வந்து நின்னேன். எதிர்ல என் பொண்டாட்டி வாசல் பெருக்கிட்டு இருந்தா."

"அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட? படம் உங்க வீட்ல இருக்கு. மரியாதை உங்களுக்கு இருக்கு. முட்டுக் கொடுக்கிறவன் எட்டு வச்சுப் பார்த்தேன்னா சிரிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அதுமட்டுமில்ல. சொன்னா என் வீடும் போயிடும்ல. நானும் யோக்கியன் இல்ல சார். உங்க பொண்ணா இல்லாம வேற யாராவது இருந்தா வித்துட்டுப் போயிருப்பேன். தெரிஞ்ச முகமாப் போச்சு, அதான்."

எழுந்து பின்னறையைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய சாமான் எதுவும் இல்லை. ஒரு கட்டில் இருந்தது. கட்டிலைச் சுற்றி எட்டு மரம், சுரங்கத்தில் நிறுத்துகிற அதே இடைவெளியில், கூரையை முட்டிக்கொண்டு நின்றன. தலையில் பலகை வைத்து, ஆப்பு அடித்து, ஒரு நூல்கூடப் பிசகாமல். மனைவி இருந்தவரை இருவரும் இதற்கு நடுவில்தான் படுத்தார்கள்.

"ஓட்டை கீழ இருக்கு, முட்டு மேல இருக்கு," என்றார் முட்டுக்காரர். "பிரயோஜனம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நிம்மதியாத் தூங்கினா."

சர்வேயர் ஒரு மரத்தைத் தொட்டார். வழவழப்பாக இழைத்திருந்தது. தான் படத்தில் போட்ட தூண்களைவிட இது எவ்வளவோ மேல், இதைத் தொடவாவது முடிகிறது என்று தோன்றியது.

"நாளைக்கு ஒரு ஜோடி வருது," என்றார் முட்டுக்காரர். "புதுசாக் கல்யாணம் ஆனவங்க, முன்னாடியே கேட்டு வச்சிருக்காங்க. எனக்கு முன்னாடி உங்ககிட்டதான் வருவாங்க, படம் பார்க்க. நீங்க உண்மையைச் சொன்னா என் வீடு கூரை ஓட்டு விலைக்குக்கூடப் போகாது. சொல்லலைன்னா போயிடும். எனக்கு ரெண்டுமே பிடிக்கலை. நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்கதான் முடிவு சொல்ற ஆளு."

வீட்டுக்கு வந்தால் மகள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற பயத்தில் அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.

"நான் சும்மா விடப் போறதில்ல," என்றாள் மகள். "நாளைக்குச் சந்தையில நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன், அந்த ஆள் வாக்கு மாறுற ஆள்னு. அவர் வீட்டை எவன் வாங்குறான்னு பார்க்கிறேன்."

"அவரைச் சொல்லாத," என்றார் சர்வேயர்.

"ஏன்? நீங்களே சொன்னீங்களே, இந்த மாதிரி ஆளுங்க..."

"சொன்னேன். அது என்னைச் சொல்லிக்க வேண்டியது."

நின்றுகொண்டேதான் சொன்னார். உட்காரத் தோன்றவில்லை. தூண், மேலாளர், கையெழுத்து, பின்னறை மரங்கள் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் பழைய பழக்கத்தில் "அதாவது, தொழில்நுட்ப ரீதியாப் பார்த்தா" என்று ஆரம்பித்தார். மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இதைக் கேட்டு மகள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டுக்கும் தயாராக இருந்தார். அவள் கேட்டது வேறு.

"அந்தத் தெருவுல எத்தனை வீடுப்பா?"

"முப்பத்தெட்டு."

"அதுல எத்தனை பேருக்கு நீங்க கெட்டின்னு சொன்னீங்க?"

"பத்தொன்பது."

"இன்னைக்குக் காலையில டீ புரையேறிச்சே, அந்தப் பத்தொன்பது தடவையில ஒரு தடவையாவது ஏறிச்சா?"

ஏறவில்லை. ஒரு தடவைகூட ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் டீ இனிமையாகத்தான் இறங்கியது.

மனைவி அலமாரியைத் திறந்து கேடயத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "இருபத்திரெண்டு வருஷமா வாரத்துக்கொரு தடவை துடைச்சேன்," என்றாள். "பித்தளை கறுத்துடக் கூடாதேன்னு புளி போட்டுத் துடைச்சேன். இனிமே நீங்க துடைச்சுக்கோங்க. என் கைக்கு அசிங்கமா இருக்கு."

மறுநாள் காலை சந்தை நாள். சர்வேயர் மகள் சொன்னபடி நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை மாப்பிள்ளை கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. பிறகு படத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் பதினேழு கட்டத்தையும் குறுக்கே அடித்தார். அடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. புதுத் தம்பதி வாசலில் வந்து நின்றபோது அவர்களை உட்காரச் சொல்லவில்லை. "வாங்காதீங்க. வேற தெருவுல பாருங்க," என்றார். அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். சொன்னார். அந்தப் பெண் கணவனைப் பார்த்த பார்வையில், இந்தக் கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது இருந்தது.

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் பின் தெருவுக்குப் போனார். முதல் வீடு தையல்காரம்மாவுடையது. கதவைத் தட்டுவதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள்.

"சார்! வாங்க வாங்க! ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க, நம்ம சர்வேயர் சார்!" புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்கெல்லாம் வருவீங்கன்னு நினைச்சே பார்க்கல சார். நீங்க சொன்ன தைரியத்துலதான் இந்த வீட்டை வாங்கினோம். போன வருஷம் மேல மாடியும் எடுத்துட்டோம். ஏன் சார் வாசல்லயே நிக்கிறீங்க?"

உள்ளே வந்தார். தலைக்கு மேல் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சுவரில் அந்த அதிர்வு தெரிந்தது.

"மேல யாரும்மா?"

"ஆறு பொண்ணுங்க தைக்கிறாங்க சார். பள்ளிக்கூடச் சட்டை ஆர்டர்."

"அவங்களைக் கீழ வரச் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க."

"எதுக்கு சார்? ஏதாவது நல்ல விஷயமா?"

அவள் முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது. நாற்காலி காலியாகவே கிடந்தது.

"எல்லாரும் வரட்டும்மா. சேர்த்தே சொல்லிடுறேன்," என்றார். "இதை என்னால ஒரு தடவைதான் சொல்ல முடியும்."

சொல்லி வாயை மூடுவதற்குள், தெருவில் முப்பத்தெட்டு வீடு என்பது நினைவுக்கு வந்தது. இந்த வீடு போக, முட்டுக்காரர் வீடும் போக, இன்னும் முப்பத்தாறு. மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் படியிறங்கி வருகிற காலடிச் சத்தம் கேட்டது.